கடல் கடந்தால் கண் திறந்துவிடுமா?

நாலு இடம் போய்வந்தால்தான் நாலும் தெரியும் என்பது நம் வீடுகளில் யாரும் மறுக்காத பேச்சு. ஒரு காலத்தில் அது சந்தைக்கும் திருவிழாவுக்கும் பக்கத்து ஜில்லாவுக்கும் போய்வருவதைக் குறித்தது. இன்று அதுவே வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கான நியாயமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அழைத்துப்போகும் தனியார் பள்ளிகள், பிற பண்பாடுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பு என்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்புகின்றன. ஓய்வுபெற்ற தம்பதியர் சேமிப்பை எடுத்து ஐரோப்பா போய்வந்தால், உறவினர்கள் அவர்களை உலகம் தெரிந்தவர்கள் என்று மதிக்கத் தொடங்குகிறார்கள். ஐ.நா. சபையும் 1967-ஐச் சர்வதேசச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது, சுற்றுலாவை அமைதிக்கான பாஸ்போர்ட் என்றே முன்வைத்தது.

பயணம் இனிமையானது. பனிமலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர் போய்ப் பார்க்கட்டும். உழைத்துச் சேர்த்த பணத்தில் மனைவி மக்களோடு ஊர் சுற்றுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது வேறு. வெளிநாடு போனால் அந்த நாட்டு மக்களைப் புரிந்துகொள்ளலாம், போகாதவருக்கு அந்தப் புரிதல் குறைவு என்ற நம்பிக்கைதான் மறுக்கப்பட வேண்டியது. அது உண்மையில்லை. பல நேரங்களில் அது உண்மைக்கு நேர் எதிரானது.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். 1950-ல் உலகம் முழுவதும் எல்லை தாண்டிச் சென்ற சுற்றுலாப் பயணிகளின் வருகை சுமார் இரண்டரைக் கோடி. 2019-ல் அது ஏறத்தாழ 146 கோடி. ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள் அறுபது மடங்குக்கு அருகில் பெருகியிருக்கிறது. பயணம் மனத்தை விரிக்கும் என்றால் இந்த எழுபது ஆண்டுகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டது கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் பயணிகளை அதிகம் அனுப்புகிற செல்வந்த நாடுகளிலேயே, வந்தேறிகளை வெளியேற்றுவோம் என்று சொல்லும் கட்சிகள் வாக்குகளை அள்ளுகின்றன. கோடை விடுமுறைக்கு மொராக்கோ போய்வந்தவர், தம் தெருவில் மொராக்கோக் குடும்பம் வாடகைக்கு வருவதை எதிர்த்து வாக்களிப்பதில் எந்தத் தடையும் இல்லை.

பயணம் குறுகிய எண்ணங்களை ஒழிக்கும் என்று சொல்கிறவர்கள் உலகெங்கும் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். 1869-ல் வெளிவந்த ‘தி இன்னசன்ட்ஸ் அப்ராட்’ நூலின் முடிவில் அவர் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். அந்த முடிவுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதற்கு முந்தைய அத்தியாயங்களையும் படிக்க வேண்டும். 1867-ல் நியூயார்க்கிலிருந்து குவாக்கர் சிட்டி என்ற நீராவிக் கப்பலில் புறப்பட்ட அந்தக் குழு, ஐரோப்பாவையும் பாலஸ்தீனத்தையும் சுற்றிவிட்டு அதே கப்பலில் திரும்பியது. உண்ணவும் பெரும்பாலும் உறங்கவும் தங்கள் நாட்டாரோடு தங்கள் கப்பல் இருந்தது. பாரிஸில் அமர்த்திய வழிகாட்டியின் பெயர் பிடிக்கவில்லை என்று அவருக்கு ஃபெர்குசன் என்று ஒரு பெயர் வைத்தார்கள். பிறகு போன ஊர்களில் கிடைத்த வழிகாட்டிகள் அத்தனை பேரும் அவர்களுக்கு ஃபெர்குசன்தான். பாலஸ்தீனக் கிராமத்து மக்களை அந்த நூல் அழுக்கும் ஈயும் பிச்சையுமாகவே காட்டுகிறது. இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் நிற்கும்போது, தம் நாட்டு டாஹோ ஏரியை நினைத்துக்கொண்டு, அதற்குப் பெயரிட்ட அமெரிக்கப் பழங்குடிகளைக் கேவலப்படுத்துகிறார் ட்வைன். பிற்காலத்தில் அவர் ஏகாதிபத்தியத்தைத் துணிந்து எதிர்த்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கப்பல் பயணம் அவருடைய குறுகிய எண்ணங்களை ஒழித்ததற்கு அந்த நூலில் சான்று இல்லை.

கவனிக்க வேண்டியது ஃபெர்குசன் என்ற பெயரை. வழிகாட்டி தேவைப்பட்டார், அவர் பெயர் தேவைப்படவில்லை. இன்றைய சுற்றுலாத் தொழில் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

வேறொரு மக்களைப் புரிந்துகொள்வது, அவர்கள் இல்லாமல் நம் காரியம் நடக்காது என்ற நிலையில்தான் தொடங்குகிறது. கடைக்காரர் சொல்வது புரியாவிட்டால் அன்றைக்குச் சோறில்லை, பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டால் தண்ணீர் இல்லை, மேஸ்திரியின் முகக்குறிப்பு தெரியாவிட்டால் கூலி இல்லை என்று வரும்போது மனிதர் கவனிக்கத் தொடங்குகிறார். எது மரியாதை, எது அவமதிப்பு, எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். சுற்றுலாத் தொழில் விற்பதோ இந்தத் தேவையிலிருந்து விடுதலையை. மொழி தெரிய வேண்டாம், வழி தெரிய வேண்டாம், சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதற்குத்தான் பணம் வாங்குகிறார்கள். எந்தத் தேவையிலிருந்து புரிதல் பிறக்குமோ, அதைக் காசு கொடுத்து விலக்கிவிட்டுப் புரிதலை எதிர்பார்ப்பது எப்படி?

நம்மூரிலிருந்து புறப்படும் ஐரோப்பாச் சுற்றுலாவைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறேழு நாடுகள். காலையில் ஓட்டலில் உணவு, மாலையில் இந்திய உணவகத்தில் சப்பாத்தி, சாதம், பருப்பு. சில நிறுவனங்கள் சமையல்காரரையே கூட அழைத்துப் போகின்றன. சொகுசுப் பேருந்து ஆஸ்திரியாவில் வாட்டன்ஸ் என்ற சிற்றூரில் நிற்கும், அங்கே ஸ்வரோவ்ஸ்கி படிகக்கல் நிறுவனத்தின் காட்சியகமும் கடையும் இருப்பதால். அடுத்து லிக்டன்ஸ்டைன். தலைநகர் வடூஸில் பொம்மை ரயில் போன்ற வண்டியில் ஊரை ஒரு சுற்று சுற்றி, கட்டணம் கட்டி பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்திக்கொண்டால் ஒரு நாடு முடிந்தது. சுவிட்சர்லாந்தின் டிட்லிஸ் மலையுச்சியில் ஷாருக் கானும் கஜோலும் அட்டை உருவமாக நிற்கிறார்கள், அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்தில், சுற்றுலாப் பருவத்தில் ‘பாலிவுட்’ என்ற பெயரிலேயே இந்திய உணவகம் நடக்கிறது.

இந்த நாட்களில் பயணிகள் அதிக நேரம் கூடவே இருக்கிற ஐரோப்பியர் ஒருவர் உண்டு. அவர் பேருந்து ஓட்டுநர். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். வண்டியில் பொருத்திய கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. தொழிலாளியின் உடலையும் சாலையில் போகிறவர்களின் உயிரையும் அந்தச் சமூகம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இரவெல்லாம் கண்விழித்து லாரி ஓட்டுகிறவர்களின் நாட்டிலிருந்து போனவர்களுக்கு அது உறைக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பயணிகள் காதுக்கு வருவது, ‘சீக்கிரம் ஏறுங்க, டிரைவருக்கு டைம் ஆகுது’ என்ற டூர் மேனேஜரின் அவசரக் குரலாக மட்டும்தான். ஓட்டுநர் எந்த ஊர், என்ன சம்பளம், அவருடைய தொழிற்சங்கம் என்ன செய்கிறது என்று கேட்க யாருக்கும் அவசியம் ஏற்படுவதில்லை. டிப்ஸ்கூட முன்பே மொத்தமாக வசூலிக்கப்பட்டுவிடுகிறது.

பயணிகளைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆர்வத்தோடு போகிறவர்களுக்கும் இந்த ஏற்பாடு இடம் தராது என்பதுதான் விஷயம்.

சமூக உளவியல் இதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் வெளியிட்ட ‘தி நேச்சர் ஆஃப் பிரெஜுடிஸ்’ நூலில், இரண்டு கூட்டத்தார் சந்தித்துக்கொள்வதால் வெறுப்பு குறைய வேண்டுமானால் நான்கு நிலைமைகள் வேண்டும் என்றார். இருவரும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஓர் இலக்கு வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். அந்த உறவுக்குச் சட்டமோ நிர்வாகமோ வழக்கமோ ஆதரவாக நிற்க வேண்டும். அறையைச் சுத்தம் செய்ய வருகிற பெண்ணுக்கும் அறையில் தங்கியிருப்பவருக்கும் சம அந்தஸ்து எங்கே இருக்கிறது? பொது இலக்குதான் என்ன? பின்னால் வந்த ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பார்த்தபோது, இந்த நான்கும் முழுமையாக அமையாத சந்திப்பும் ஓரளவு வெறுப்பைக் குறைக்கிறது, நான்கும் அமைந்தால் பலன் கூடுகிறது என்று கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பைப் பயணத்துக்குச் சாதகமாகக் காட்டலாம். ஆனால் அதற்கும் சந்திப்பு என்று ஒன்று நடந்திருக்க வேண்டும். வடூஸ் பொம்மை ரயிலில் அது நடப்பதில்லை.

வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்கும் படைப்பாற்றலுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்ட அவர்கள், வெளிநாட்டில் பயணம் செய்த காலத்துக்கு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. 2014-ல் வந்த ஓர் ஆய்வு, பல இடங்களுக்குப் போய்வந்தவர்களிடம் பிறர்மீதான பொதுவான நம்பிக்கை கூடுவதாகச் சொன்னது; அதையும் மறைக்க வேண்டியதில்லை. 2017-ல் வந்த மற்றோர் ஆய்வோ, பல நாடுகளில் அனுபவம் சேரச் சேர, ஒழுக்கம் ஊருக்கு ஊர் மாறுவதுதானே என்ற எண்ணம் வலுத்து, தவறான செயலில் இறங்கும் போக்கும் கூடுவதாகக் காட்டியது. ஆழ்ந்து ஒரே இடத்தில் இருந்தவர்களிடம் அது காணப்படவில்லை. எத்தனை நாடு என்ற கணக்கு பெருமைக்குரியது இல்லை என்பதற்கு இது போதும்.

இந்தியாவே இதற்கெல்லாம் சாட்சி சொல்லும். ஜேம்ஸ் மில் 1817-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை, இந்திய மொழி எதுவும் தெரியாது. அது ஒரு குறையே இல்லை என்று முன்னுரையில் வாதாடினார். இந்தியரைப் பற்றி அவர் எழுதியதில் இகழ்ச்சி நிறைந்திருந்தது. பயணத்தின் பெருமை பேசுகிறவர்கள் அவரை உதாரணம் காட்டி, பார்த்தீர்களா, வராததால்தான் இப்படி என்பார்கள். சரி, மெக்காலே வந்தார். 1834 ஜூன் மாதம் சென்னையில் இறங்கி, பல்லக்கில் ஊட்டி வரை போய், அங்கே கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார். ஊட்டியில் சில மாதங்கள் தங்கினார். தென்னிந்தியாவின் நெடுவழியைக் கண்ணாரப் பார்த்தவர். 1835 பிப்ரவரியில், இந்தியா வந்து ஓராண்டு முடிவதற்குள், கல்வி பற்றிய குறிப்பை எழுதி, இந்தியாவின், அரபு உலகின் நூல்கள் அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டுக்கு ஈடாகாது என்ற முடிவைச் சொன்னார். சமஸ்கிருதமும் அரபியும் தமக்குத் தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொண்டவர் அவர். வராத மில்லும் வந்த மெக்காலேயும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. பல்லக்கைத் தூக்கியவர்களிடமிருந்து எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை மெக்காலேவுக்கு இருக்கவில்லை. அவர் அவர்களை ஆளுவதற்கு வந்தவர்.

கேத்தரின் மேயோ இன்னும் கசப்பான உதாரணம். 1925-26 குளிர்காலத்தில் இந்தியா வந்து சில மாதம் சுற்றிய அமெரிக்கப் பத்திரிகையாளர். 1927-ல் ‘மதர் இந்தியா’ வெளியானது. மருத்துவமனைகளுக்குப் போனார், ஊர்களைப் பார்த்தார், அதிகாரிகளிடம் பேசினார். குழந்தைத் திருமணத்தைப் பற்றியும் தீண்டாமையைப் பற்றியும் அவர் எழுதிய கொடுமைகள் பல நிஜமானவை. இங்கே சுயமரியாதை இயக்கத்தார் அதைச் சுட்டிக்காட்டத் தயங்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமைகளை எதிர்த்து இந்தியருக்குள்ளேயே போராடிக்கொண்டிருந்தவர்களை மேயோ கணக்கில் எடுக்கவில்லை. இந்த மக்களுக்குத் தன்னாட்சிக்குத் தகுதி கிடையாது என்ற முடிவுக்கு அத்தனையும் வாதமாயின. சாக்கடையைச் சோதிக்க வந்தவரின் அறிக்கை என்று காந்தி அதைச் சொன்னதை உலகம் அறியும். மேயோவின் நூலுக்கு அமெரிக்காவில் கிடைத்த மதிப்புக்கு அடிப்படை, அவர் நேரில் போய்ப் பார்த்தவர் என்பது. இதுதான் ஆபத்து. போகாதவரிடம் குறைந்தபட்சம் தயக்கமாவது இருக்கும். போய்வந்தவர், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி வாதத்தையே முடித்துவிடுகிறார்.

இது மேற்கத்தியரின் நோய் மட்டும் இல்லை. எகிப்து எழுத்தாளர் சையித் குதுப் 1948 முதல் 1950 வரை அமெரிக்காவில் இருந்தார். கல்வி முறையைப் படிக்க அவருடைய அரசு அனுப்பியது. கொலராடோவில் கிரீலி என்ற அமைதியான சிறிய கல்லூரி நகரில் வாழ்ந்தார். வீட்டு முன்புறத்துப் புல்தரையை ஊரார் பராமரிப்பதை அவர் சுயநலமாகப் பார்த்தார். தேவாலயத்தில் நடந்த நடனத்தை ஒரு நாகரிகத்தின் அழுகலாகப் பார்த்தார். திரும்பிப் போய் அவர் எழுதியவை, பின்னால் பல வன்முறை இயக்கங்களுக்கு எரிபொருளாயின. இரண்டாண்டு தங்கியும் இப்படி. காலம் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தீர்ப்பு எழுதுவதற்காகப் பார்க்கிறவர் எவ்வளவு நாள் இருந்தாலும் ஆதாரம் மட்டுமே சேகரிக்கிறார்.

அப்படியானால் புரிந்துகொண்டவர்கள் யார்? அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

அல்பிருனி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர் அல்லர். 1017-ல் கஜினி முகமது குவாரஸ்மைப் பிடித்தபோது கஜினிக்குக் கொண்டுபோகப்பட்ட அறிஞர். தம்மைக் கொண்டுபோன அரசனின் படையெடுப்புகள்தான் இந்தியரை அந்நியர்மீது வெறுப்புக் கொள்ள வைத்தன என்று எழுதும் நேர்மை அவருக்கு இருந்தது. நடுவயதில் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். 1030 வாக்கில் அவர் முடித்த இந்தியா பற்றிய நூல், இந்தியரைப் புரிந்துகொள்வது ஏன் கடினம் என்ற விளக்கத்தோடுதான் தொடங்குகிறது. அவருக்கு வேண்டியிருந்தது இந்தியக் கணிதமும் வானியலும். அது பண்டிதர்களிடம் இருந்தது. அவர்களிடம் போகாமல் அது கிடைக்காது.

தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்குவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மதம் மாற்ற வந்தவர். உள்ளூர் மக்களின் நம்பிக்கை தவறு என்ற முடிவோடு வந்தவர். பேசாமல் போதிக்க முடியாது, தமிழ் தெரியாமல் பேச முடியாது. எனவே திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். அந்த மனிதரைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்: ஜெர்மனியில் கல்லூரி படித்தவர், டென்மார்க் ராஜாவின் ஆணையோடு வந்தவர், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் முன்னால் தவறாக எழுதி அழித்து மீண்டும் எழுதுகிறார். இரண்டே ஆண்டுகளில் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை, ஊராரிடம் கேட்டும் கடிதம் எழுதி விளக்கம் பெற்றும் எழுதி முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த அவருடைய மேலிடம் அதை அச்சிட மறுத்தது. அந்த மதத்தை ஒழிக்க அனுப்பியவர் அதைப் பரப்ப வேண்டியதில்லை என்பது அவர்கள் கருத்து. நூல் 1867-ல்தான் அச்சேறியது. அவர் தம் மதத்தை விடவில்லை, நம்மவர் மதத்தை ஏற்கவுமில்லை. ஆனால் மெக்காலேவுக்கு ஊட்டிக் குளிரில் வராத புரிதல், மணலில் எழுதிய இந்த மனிதருக்கு வந்தது.

போகாமலே புரிந்துகொண்டவர்களும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஆர்தர் வேலி, அங்கிருந்த ஓவியங்களைப் படிப்பதற்காகச் சீனமும் ஜப்பானிய மொழியும் தாமே கற்றார். சீனக் கவிதைகளையும் ஜப்பானின் ‘கெஞ்சி கதை’யையும் ஆங்கில வாசகருக்குக் கொடுத்தவர் அவர். வாழ்நாளில் ஒருமுறைகூட சீனாவுக்கோ ஜப்பானுக்கோ போனதில்லை. மில்லும் போகாதவர்தான், வேலியும் போகாதவர்தான். இருவருக்கும் நடுவில் நிற்பது மொழி.

நம்மிடம் ஏ.கே. செட்டியார் இருந்தாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான், ஏனெனில் அவரைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ரங்கூனில் ‘தன வணிகன்’ பத்திரிகை நடத்தியவர், டோக்கியோவில் மாணவராக ஒளிப்படக் கலை பயின்றவர், காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகம் சுற்றியவர். யாரிடம் எந்தச் சுருள் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்நிய மனிதர்களின் கதவைத் தட்டி, அவர்கள் நம்பிக்கையைப் பெற்றாக வேண்டும். இல்லாவிட்டால் 1940-ல் வெளிவந்த அந்தப் படமே இல்லை. அவர் எழுத்தில் சாதாரண மனிதர்கள் நிறைந்திருப்பதற்கு இந்தத் தேவை ஒரு காரணம். அவர் வழியில் போனதாகச் சொல்லிக்கொண்டு பின்னால் வந்த பயணக் கட்டுரைகள் பலவற்றில் ஓட்டல் அறையும் கடைத்தெருவும் குளிரும்தான் மிஞ்சின.

இனி, யாரும் பயணி என்று அழைக்காத பயணிகளுக்கு வருவோம். ராமநாதபுரத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ துபாய்க்குச் சபர் போன ஒருவர், லேபர் கேம்ப் அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறார். மேல் கட்டிலில் பெஷாவர்காரர், எதிரே நேபாளி, பக்கத்தில் பங்களாதேஷ் மனிதர். அடுப்பு பொது. யார் முதலில் சமைப்பது, பாத்திரத்தில் மாட்டிறைச்சி சமைத்தால் யாருக்கு ஆகாது, யார் எப்போது தொழுவார், யார் வீட்டில் சாவு விழுந்தது என்பதெல்லாம் தெரியாமல் அந்த அறையில் ஒரு வாரம் தள்ள முடியாது. ஆறே மாதத்தில் இந்தியும் உருதும் கலந்த ஒரு பேச்சு வந்துவிடுகிறது. அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், எப்படிப் பேச வேண்டும், ஃபோர்மேன் எப்போது சிடுசிடுப்பார் என்பது அத்துபடி. ரமலான் மாதத்தில் வேலை நேரம் இரண்டு மணி குறைகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அந்த நாட்டின் சட்டமும் மதமும் அவருடைய உடம்பின் வழியாகத் தெரியவந்தவை. பாகிஸ்தான்காரரோடு ஒரே சட்டியில் குழம்பு வைத்துச் சாப்பிட்ட இந்தியர் அவர். எந்தச் சுற்றுலா விசாவும் அந்த வாய்ப்பைத் தராது.

அந்த வாழ்க்கையை உயர்த்திப் பேசுவதற்கில்லை. வேலை தருகிறவரின் தயவில் விசா நிற்கிற முறையில் நேர்ந்த கொடுமைகள் ஏராளம். பென்யாமின் மலையாளத்தில் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ நாவல் படித்தவர் யாரையும் உலுக்கும். அரபு நாட்டுக் குடிமக்களோடு இந்தத் தொழிலாளிக்குச் சமமான உறவு ஏற்படுவதும் அரிது. அவர் ஆழமாக அறிவது அறைத்தோழர்களைத்தான். ஆயினும் பிற மக்களைப் பற்றிய அறிவு என்று பார்த்தால், பத்து நாள் ஐரோப்பா போய்வந்தவரைவிட அவர் பல மடங்கு அறிந்தவர். கல்யாண வீட்டில் உலகம் தெரிந்தவர் என்று நாற்காலி போட்டு உட்காரவைக்கப்படுகிறவர் மட்டும் வேறு ஒருவர். இவரை ‘கல்ஃப்ல கஷ்டப்பட்டு வந்தவர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பயணத்தின் பெருமை பேசும் பேச்சில் உள்ள பெரிய அநியாயம் இது. வாங்கும் சக்தி உள்ளவரின் நகர்வை அறிவு என்கிறோம், வயிற்றுக்காக நகர்கிறவரின் அறிவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

2018-ல் உலக மக்களில் 11 சதவீதம் பேர்தான் விமானத்தில் பறந்தார்கள் என்றும், வெளிநாட்டுக்குப் பறந்தவர்கள் அதிகபட்சம் 4 சதவீதம் என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வெளிநாடு போனால்தான் மனம் விரியும் என்றால் மீதி 96 சதவீதம் மனிதர்களைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம்?

விருந்தாளிகளைத் தாங்குகிறவர்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உளுறு பாறை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985-ல் அந்த நிலம் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஏறாதீர்கள் என்று பாறையடியிலேயே பலகை வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். காலப்போக்கில் ஏறுவோர் விகிதம் குறைந்தது உண்மை. அதில் நல்ல மனத்தோர் பலர் இருந்தார்கள். ஆனால் 2019 அக்டோபர் 26 முதல் ஏறத் தடை என்று அறிவிப்பு வந்ததும், தடைக்கு முன் ஏறிவிட வேண்டும் என்று நீண்ட வரிசை நின்றது. அனங்கு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த வரிசையில் நின்ற அனைவருக்கும் தெரியும். கண்ணெதிரே எழுதிப் போட்டிருந்தது. ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில், வேலைக்குப் போகும் கெய்ஷாக்களைத் துரத்திப் படம் எடுத்தவர்களால் 2024-ல் தனியார் சந்துகளை மூட வேண்டி வந்தது. பண்பாட்டின் மீதுள்ள ஆர்வத்தில்தான் வந்தோம் என்பார்கள் இவர்களும்.

எங்குமே போகாமல் இருப்பதைவிடப் போவது மேலல்லவா, ஒரு பொறியாவது விழுமே என்ற வாதம் எஞ்சி நிற்கிறது. சிலருக்கு விழுகிறது. இருபது வயதில் பார்த்த ஒரு தெரு, ஒருவரை அந்த மொழியைக் கற்க வைத்திருக்கலாம். அப்படி நடந்தால் அவருக்குப் புரிதலைத் தந்தது பிறகு அவர் மொழியோடு பட்ட பாடு. அந்தப் பொறி ஒரு நாவலிலிருந்தும் விழும், ஒரு சினிமாவிலிருந்தும் விழும், பக்கத்து வீட்டிலிருந்தும் விழும்.

பக்கத்து வீடு என்பது இங்கே வெறும் பேச்சில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பிகார், ஜார்கண்ட் தொழிலாளர்கள் இல்லாமல் மெஷின் ஓடாது. சென்னையில் எழும் கட்டடங்களை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ்நாட்டில் பிகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, பல்லாயிரம் தொழிலாளர்கள் பீதியடைந்தார்கள். முதலமைச்சரே உறுதிமொழி தர வேண்டியிருந்தது. அந்த வதந்திக்கு எதிராக, என் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத் தெரியும் என்று சொல்லக்கூடிய பழக்கம் இரு தரப்பிலும் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் நாம் பாங்காக்கும் பாலியும் பார்த்தவர்கள்.

திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள். தமிழில் எழுதப் பழகும்போது அவர்கள் செய்வது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடி மணலில் அந்த ஜெர்மானியர் செய்த அதே வேலை. தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜைக்காகப் பிகார்ப் பெண்கள் தண்ணீரில் நின்று அஸ்தமிக்கும் சூரியனையும் மறுநாள் உதயமாகும் சூரியனையும் வணங்குகிறார்கள். சென்னையில் கடற்கரையிலேயே அதைப் பார்க்கலாம். சிங்கப்பூர் பயணத்துக்குத் தலைக்கு அரை லட்சத்துக்கு மேல் வசூலிக்கிற பள்ளி, அந்தப் பெண்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடலாம். அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதைப் பள்ளி கொடுத்துவிட வேண்டும். பதில் புரிய வேண்டுமானால் பிள்ளைகள் கொஞ்சம் போஜ்புரியோ மைதிலியோ கற்றுக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருமுறை இதை நடத்தினாலும், செலவு ஒரே ஒரு மாணவரின் விமானக் கட்டணத்தைத் தாண்டாது.